கேண்டிடேட் அட்டர்னி விண்ணப்பம்: “ஏன் எங்கள் நிறுவனம்?” என்பதற்கு என்ன எழுதுவது? அவசரம்

சாட்ஸ்வொர்த்_கவி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஒரு சட்ட நிறுவனத்தில் கேண்டிடேட் அட்டர்னியாக, அதாவது பயிற்சி வழக்கறிஞராக, சேர விண்ணப்பிக்கிறேன். நாளை இரவோடு கெடு முடிகிறது. இந்தக் கேள்விக்கு 300 சொல் எழுத வேண்டும். பெயர் பெற்ற நிறுவனம், நல்ல பயிற்சி என்று எழுதினேன். இது எந்த நிறுவனத்துக்கும் பொருந்துமே என்கிறாள் தோழி. உதவுங்கள்.

ஓவர்போர்ட்_அண்ணன்:
எந்த ஊர் நிறுவனம்மா? ஜோகன்னஸ்பர்க் பக்கம் சாண்ட்டனா, டர்பன் பக்கம் உம்லாங்காவா? எந்தத் துறை? விடுமுறையில் அங்கே வேலை பழகினாயா? அது இல்லாமல் எடுபடுவது கஷ்டம்.

மூத்தவர்:
ஆண்டுதோறும் இதே கேள்வி. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் இணையதளத்தில் எழுதியதை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தால் யார் படிப்பார்? சட்டம் படித்தவருக்கு ஆதாரம் காட்டத் தெரிய வேண்டும்.

சாட்ஸ்வொர்த்_கவி:
மன்னிக்கவும் ஐயா. சாண்ட்டன், போட்டிச் சட்டம் (நிறுவனங்களுக்கு இடையிலான வணிகப் போட்டி பற்றியது). டர்பன் ஹோவர்ட் கல்லூரியில் எல்எல்பி கடைசி ஆண்டு. விடுமுறை வேலைக்குப் போகவில்லை. கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்ததை முதல் பத்தியில் வைத்திருக்கிறேன்.

பீனிக்ஸ்_அக்கா:
கவி, தாத்தா கதையை விடாதே. ஆனால் நீ ஏன் சட்டம் படித்தாய் என்பதற்குத்தான் அது பதில், ஏன் இந்த நிறுவனம் என்பதற்கு இல்லை. சாஃப்லி (SAFLII) என்ற இணையதளத்தில் நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசம். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் யாருக்கு எந்த அட்டர்னிகள் என்று இருக்கும். இந்த நிறுவனம் நடத்திய, இரண்டு கம்பெனிகள் இணைவது பற்றிய இணைப்பு வழக்கு ஒன்றைத் தேடிப் படி. 1998 போட்டிச் சட்டத்தின் 12ஏ பிரிவு, இணைப்பால் வேலைவாய்ப்பு என்ன ஆகும் என்றும் பார்க்கச் சொல்கிறது. அமெரிக்க வால்மார்ட் நம் நாட்டு மாஸ்மார்ட்டை வாங்கிய வழக்கில் 2012-ல் போட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் 503 ஊழியர்களைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னதே, அந்த மாதிரி. இவர்கள் வழக்கிலும் அப்படி ஏதாவது இருந்தால், உன் தாத்தாவும் அங்கே தானாக வந்து சேர்வார்.

ஓவர்போர்ட்_அண்ணன்:
நல்ல யோசனை. ஆனாலும் பெரிய நிறுவனத்தையே நம்பாதே. சின்ன ஊர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஸ், அதாவது இந்தப் பயிற்சியை, செய்தால் முதல் மாதமே கோர்ட்டுக்கு அனுப்புவார்கள்.

மூத்தவர்:
ஆர்ட்டிகிள்ஸ் என்பது பழைய பெயர். 2018 நவம்பரில் வழக்கறிஞர் தொழிலுக்கான புதிய சட்டம் (Legal Practice Act) நடைமுறைக்கு வந்தபின் அது தொழிற்பயிற்சி ஒப்பந்தம்.

ஓவர்போர்ட்_அண்ணன்:
டர்பன் கோர்ட் வாசலில் நின்று கேளுங்கள் ஐயா, எல்லோரும் ஆர்ட்டிகிள்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

மூத்தவர்:
விண்ணப்பத்தில் எழுதும்போது சரியான பெயர் வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன்.

பீனிக்ஸ்_அக்கா:
அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை. இந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமே.

சாட்ஸ்வொர்த்_கவி:
அனுப்பிவிட்டேன். வழக்கு கிடைத்தது, தாத்தா கடைசிப் பத்திக்குப் போய்விட்டார். நன்றி அக்கா.

ஓவர்போர்ட்_அண்ணன்:
எந்த வழக்கும்மா?