சட்டைப் பையில் ஒரு கேமரா: இராமநாதபுரம் கடலோர அனுபவங்கள்

பாம்பன்வாசி எழுதியது:

இந்தக் கடற்கரையில் தினமும் உடன் வைத்துக்கொள்ள ஒரு சிறிய கேமரா வாங்க நினைப்பவர், அது எத்தனை மெகாபிக்சல் என்று விசாரிப்பதற்கு முன்பு, பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது என்று பார்க்க வேண்டும். பையில் அடங்கும் ஜூம் கேமராக்களில் பெரும்பாலானவை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய உருளைகளாக லென்ஸை மடித்து வைத்திருக்கின்றன. உருளை வெளியே வரும்போது கேமரா காற்றை உள்ளே இழுக்கிறது. திரும்பப் போகும்போது தன் மேல் படிந்ததையும் சேர்த்துக்கொண்டு போகிறது. கோயம்புத்தூரில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தனுஷ்கோடிச் சாலையின் குறுக்கே மணல் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சாலை முடியும் அரிச்சல்முனையில் என் பழைய ஜூம் கேமராவின் லென்ஸ், பாதி நீண்ட நிலையில் நறநறவென்ற சத்தத்தோடு அப்படியே நின்றுவிட்டது. மதுரையில் பழுது பார்க்கக் கொடுத்தபோது, புதிதாக வாங்கும் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். அது யாருடைய தயாரிப்பு என்பது இங்கே முக்கியமில்லை. அந்த அமைப்புள்ள எந்தக் கேமராவுக்கும் அந்தக் காற்றில் அதே கதிதான்.

பிறகு ஜூம் இல்லாத கேமராவுக்கு மாறினேன். 2019இல் வெளிவந்த ரிக்கோ ஜிஆர் 3, பேட்டரியும் கார்டும் சேர்ந்து 257 கிராம்தான் இருக்கும். 28 மி.மீ.க்கு இணையான அகலக் கோணம், எஃப் 2.8 வரை திறக்கும் லென்ஸ், 24 மெகாபிக்சல். இதன் லென்ஸும் இயக்கியதும் சற்று நீளத்தான் செய்கிறது. தூசிக்கும் நீருக்கும் எதிரான காப்பும் இதற்குக் கிடையாது. ஆனால் ஜூம் செய்வதற்காக உருளைகள் முன்னும் பின்னும் ஓடும் வேலை இல்லாததால், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருமுறை இயக்கி, எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு மூடிவிட முடிகிறது. மணல் பறக்கும் நாளில் அதை வெளியில் எடுப்பதே இல்லை.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் அளவு. இதில் உள்ள, ஏபிஎஸ்-சி எனப்படும் அளவுள்ள சென்சாரின் பரப்பு, ஒரு அங்குல சென்சார் எனப்படுவதைப் போல மூன்று மடங்கு. நீர்புகாக் கேமராக்களில் வரும் சின்னஞ்சிறு சென்சாரைப் போல ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு. விடியற்காலையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் மீன் ஏலம் நடக்கும்போது, கூடையின் மேல் குனிந்திருக்கும் முகங்களைப் புள்ளி புள்ளியாகச் சிதறாமல் எடுக்க அந்தப் பரப்பு தேவைப்படுகிறது. மற்றொன்று, அதன் தோற்றம். பெரிய கேமராவோடு ஏலத்துக்குப் போனால், எந்த டிவி என்பார்கள், அல்லது அதிகாரி என்று நினைத்து விலகிப் போவார்கள். வலையில் கடலட்டை விழுந்திருக்கும் நாளில் அந்தச் சந்தேகம் இரட்டிப்பாகும். 2001இலேயே அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது, அதைப் பிடிக்கத் தடை என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து ஒரு பெரியவர், "இதுல இன்னமும் ரீல்தான் போடுறியளா தம்பி?" என்று கேட்டுவிட்டு, வலைப் பின்னலைத் தொடர்ந்தார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. ஊசியும் விரலும் நூலும் தெளிவாக விழுந்திருக்கின்றன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கீழக்கரை ஆசிரியை எழுதியது:

பாம்பன் அண்ணன் மணலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் வெயிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மணலைவிட வெயில்தான் பெரிய தொல்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் கடற்கரையில் நின்றால் பின்பக்கத் திரையில் என் முகம்தான் தெரிகிறது, எதிரில் இருப்பது தெரிவதில்லை. அண்ணனுடைய ஜிஆரில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. ஆகவே சோனியின் ஆர்எக்ஸ்100 வரிசையில், 2014இல் வந்த மூன்றாவது மாதிரியைப் பழையதாக வாங்கினேன். ஓரத்திலிருந்து எழும்பி வரும் சிறிய வியூஃபைண்டர் அந்த வரிசையில் முதன்முதலாக அதில்தான் வந்தது. கண்ணை அதில் பதித்துவிட்டால் நண்பகலிலும் படத்தின் ஓரங்கள்வரை தெரிகின்றன.

வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், நல்ல வெயிலில் எஃப் 16 என்ற சிறிய லென்ஸ் திறப்புக்கு (அப்பர்ச்சர்) ஷட்டர் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அப்பர்ச்சரை எஃப் 2.8க்குத் திறந்தால் அது 3200இல் ஒரு பங்காகிறது. வெள்ளை மணலும் அலையும் ஒளியைத் திருப்பி அடிக்கும் இடத்தில் அதற்கும் மேலே போகிறது. சிறு கேமராவின் ஷட்டருக்கு அது எட்டாமல் போகலாம். உள்ளேயே ஒளியைக் குறைக்கும் என்டி வடிகட்டி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இருக்கிறது, அண்ணனுடையதிலும் இருக்கிறது. 24 முதல் 200 மி.மீ. வரை போகும் ஆர்எக்ஸ்100-7இல் அது இல்லை.

மூன்றாவதாக, ஃபிளாஷ். பகலில் ஃபிளாஷ் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். உச்சிவெயிலில் நம் ஊர் முகங்களை எடுத்தால் கண்குழிகள் கறுத்துப்போகின்றன. தொப்பியோ முக்காடோ இருந்தால் முகமே இருளில் போய்விடுகிறது. இவ்வகைக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், பெரிய கேமராக்களில் நொடியில் 1/200, 1/250 பங்கு அளவில் நின்றுவிடும் ஃபிளாஷ் ஒத்திசைவு (ஃபிளாஷும் ஷட்டரும் சேர்ந்து இயங்குவது) இவற்றில் மிக வேகமான ஷட்டரிலும் கிடைக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனபோது, பின்னால் பச்சைக் கடலும் முன்னால் பல் தெரியச் சிரிக்கும் முகங்களுமாக ஒரு படம் வந்தது. அதை எடுத்தது அந்தச் சுண்டுவிரல் அளவு ஃபிளாஷ்தான். ஜிஆர் 3இல் ஃபிளாஷை எடுத்துவிட்டார்கள். இதில் எனக்கு அவர்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

லென்ஸ் நீளும் என்பது உண்மைதான். நான் கேமராவைக் கைப்பையில் வெறுமனே போடுவதில்லை, ஜிப் வைத்த சிறு உறையில் வைக்கிறேன். கைப்பையின் அடியில் சேரும் நூலும் தூசியும் கடற்கரை மணலுக்குக் குறைந்தவை அல்ல.

மண்டபம் படகுக்காரர் எழுதியது:

நீங்கள் இருவரும் கரையில் நின்று பேசுகிறீர்கள். நாட்டுப்படகில் ஏறுபவருக்கு வேறு கேமரா வேண்டும். என்னிடம் இருப்பது ஓஎம் சிஸ்டம் டிஜி-7, 2023இல் வந்தது. தனி உறை இல்லாமல் 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். லென்ஸ் உள்ளுக்குள்ளேயே மடிந்து வேலை செய்கிறது, வெளியே ஒரு மில்லிமீட்டர்கூட நீள்வதில்லை. பாம்பன் தம்பியின் முதல் கேள்விக்கு நேரான விடை இதுதான் என்று நினைக்கிறேன்.

கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களோடு, அவர்கள் சம்மதத்தின் பேரில், ஒருநாள் போயிருந்தேன். பாறையும் பவளமும் கிழிக்காதபடி விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி எடுப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கேமராவைப் பிடித்த கையை மட்டும் உள்ளே விட்டு எடுத்தேன். துணியின் நூல் பிரிந்து நீரில் மிதப்பது வரை தெரிகிறது. ஒரு சென்டிமீட்டர் அருகில் வைத்து எடுக்கும் வசதியும் உண்டு. நண்டின் கண்ணை அதில் பார்த்தால், மறுபடி நண்டுக் குழம்பு வைக்கக் கொஞ்சம் யோசனையாக இருக்கும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில், நீர்புகாக் கேமரா இருக்கிறது என்பதற்காக அனுமதியின்றி இறங்க முடியாது.

குறையும் உண்டு. 12 மெகாபிக்சல், மிகச் சிறிய சென்சார். பொழுது சாய்ந்த பிறகு இதில் எடுத்த முகம் மெழுகு பூசியது போல இருக்கிறது. விடியற்காலை ஏலத்துக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். நீர்புகா என்று எழுதியிருப்பதை நம்பி அப்படியே வீட்டில் வைப்பதும் கூடாது. பேட்டரி மூடியின் ஓரத்தில் ஓடும் ரப்பர் வளையத்தில் ஒரு மணலோ ஒரு தலைமுடியோ இருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் நுழையும். கடலிலிருந்து வந்ததும், மூடியைத் திறப்பதற்கு முன்பு, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பொத்தான்களை உள்ளேயே அழுத்தி அழுத்தி உப்பை வெளியேற்ற வேண்டும். உப்பு காய்ந்து படிகமாகிவிட்டால் பொத்தான் இறுகிவிடுகிறது.

தொண்டிக்காரர் எழுதியது:

ஃபியூஜி எக்ஸ்100-6 பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். 2024இல் வந்தது, 40 மெகாபிக்சல், வியூஃபைண்டர், என்டி வடிகட்டி, ஃபிளாஷ் எல்லாம் இருக்கின்றன. என் மைத்துனரிடம் வாங்கிப் பார்த்தேன். 521 கிராம், சட்டைப் பை தொங்கிவிடுகிறது, கழுத்தில்தான் மாட்ட வேண்டும். ஈரத்தைத் தாங்கவும் தனியாக ஒரு வளையமும் வடிகட்டியும் வாங்கிப் பொருத்த வேண்டும். படம் அருமை, தினமும் எடுத்துப்போக ஆகாது. இராமேசுவரம் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: எந்தக் கேமராவானாலும் உள்ளே அனுமதி இல்லை. அவ்வளவு விலையுள்ளதை வெளியே விட்டுவிட்டுப் பிராகாரம் சுற்றினால் மனம் முழுவதும் கேமராவின் மேல்தான் இருக்கும்.

பாம்பன்வாசி எழுதியது:

ஆசிரியைச் சகோதரி சொன்ன ஃபிளாஷ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். எதிர்வெயிலில் நான் ஆளை நிழலுக்கு அழைத்துத்தான் எடுக்கிறேன், வேலையில் இருப்பவரை அப்படி அழைக்க முடிவதில்லை.

துடைப்பது பற்றி ஒரு சொல். உப்புக்காற்றில் நின்ற கேமராவைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள். அதில் ஒட்டிய உப்பும் மணலும் லென்ஸின் மேற்பூச்சைக் கீறலாம். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலை ஒற்றியெடுத்து, அதன் பிறகே காய்ந்த துணி. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், துடைக்காத கேமரா வீட்டுக்குள்ளும் ஈரமாகவே இருக்கும். ஏசி அறையிலிருந்து எடுத்ததும் வெளியில் திறந்தால் லென்ஸில் ஆவி படியும். உறைக்குள்ளேயே சிறிது நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

கீழக்கரை ஆசிரியை எழுதியது:

வீட்டில் வைக்க, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசிக்குள் புதைக்கும் யோசனையை யாரும் கேட்க வேண்டாம், அதன் மாவு லென்ஸ் இடுக்கில் போகும். பழையதாக வாங்குபவர்கள் கடையிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். ஜூமைக் கடைசிவரை ஓட்டி, காதருகே வைத்துக் கேளுங்கள். அப்பர்ச்சரை எஃப் 11 வரை சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்து, படத்தைப் பெரிதாக்கிக் கரும்புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் தூசி சென்சார்வரை போயிருக்கிறது. கைபேசி விளக்கை லென்ஸுக்குள் சாய்வாக அடித்து, சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடலோரத்தில் பயன்பட்டதா என்று கேட்டால் விற்பவர் இல்லை என்றுதான் சொல்வார். அடியில் உள்ள திருகாணிகளின் தலையில் துரு இருந்தால் அவரைக் கேட்க வேண்டியதில்லை.