ஈஆர்பி சாஃப்ட்வேர் 7 நாள் என்கிறது, ரோட்டார் வர மூன்று வாரம் ஆகிறது. எங்கே தப்பு?

கோவை_பிளானிங்:
வணக்கம். கோவையில் மோனோபிளாக் பம்ப் செய்யும் சின்ன கம்பெனியில் எட்டு மாதமாக பிளானிங் பார்க்கிறேன். நாளுக்குச் சராசரியாக 60 பம்ப் டெஸ்பாட்ச். ஈஆர்பியில் ரோட்டாருக்கு (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து வந்து சேர ஆகும் காலம், 7 நாள். அதை நம்பி ஒர்க் ஆர்டர் போட்டால், அசெம்பிளிக்கு ரோட்டார் வந்து சேர மூன்று வாரம் பக்கம் ஆகிறது. தாமதமாகிறதே என்று முன்கூட்டியே ஆர்டர் போட ஆரம்பித்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று முதலாளி தினமும் கேட்கிறார், பதில் சொல்ல முடியவில்லை. மாசி பிறந்தால் விவசாய பம்ப்புக்குக் கிராக்கி ஏறிவிடும். சாஃப்ட்வேரை மாற்றச் சொல்லலாமா?

பழைய_பிளானர்:
தம்பி, சாஃப்ட்வேரைத் தொட வேண்டாம். நாளைக் காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன் தரையில் இறங்கி, ரோட்டாருக்குள் ஷாஃப்ட் (தண்டு) அழுத்திய இடத்திலிருந்து அசெம்பிளி வாசல் வரை கிடக்கிற ரோட்டாரையெல்லாம் எண்ணுங்கள். மொத்தத்தை 60ஆல் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் உண்மையான லீட் டைம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. 26 வருட வேலையில் எனக்கு இது பொய் சொன்னதே இல்லை.

ஈஆர்பிக்குள் இருக்கும் எம்ஆர்பி (எந்தப் பாகம் எப்போது வேண்டும் என்று கணக்குப் போடும் பகுதி), மெஷினால் எவ்வளவு முடியும் என்று பார்ப்பதில்லை. டெலிவரி தேதியில் 7 நாளைக் கழித்து ஆர்டர் போடச் சொல்லும், அவ்வளவுதான். நீங்கள் முன்கூட்டிப் போட்டதும் வரிசை நீண்டது. வரிசை நீண்டதால் எல்லாமே தாமதம்.

உங்களிடம் ஷாஃப்ட்டை அளவுக்குத் தேய்க்கும் சிலிண்ட்ரிகல் கிரைண்டிங் மெஷின் ஒன்றுதானே இருக்கும்? பெரும்பாலும் தேக்கம் அங்கேதான். நான் இருந்த கம்பெனியிலும் அப்படித்தான். ஒரு பங்குனியில் லாரி வாசலில் நிற்கிறது, ஒன்றரை எச்பி ரோட்டாரைக் காணோம். சுவரோரம் மூன்று அடுக்கு டிரேக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து எமரி பேப்பரும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தார்கள். அன்றைக்குத்தான் வழியை மாற்றினோம்.

டிரேக்கு 12 ரோட்டார், தரையில் மொத்தம் 25 டிரே என்று வரம்பு கட்டினோம். உங்கள் கணக்குக்கு அது ஐந்து நாள் வேலை. கிரைண்டிங்கை விட்டு ஒரு டிரே வெளியே போனால்தான் லேத்துக்கு அடுத்த டிரே ஷாஃப்ட். யார் அர்ஜென்ட் என்று வந்தாலும் இதுதான் சட்டம்.

அப்புறம், பிளானை எச்பி வரிசையில் போடாதீர்கள், பேரிங் வரிசையில் போடுங்கள். 6204 பேரிங்குக்கு ஷாஃப்ட் 20 மி.மீ., 6205க்கு 25 மி.மீ. ஷாஃப்ட் அளவு மாறும்போதுதானே செட்டிங் மாறுகிறது? எங்களுக்கு ஒரு மாற்றத்துக்கு 40 நிமிடம். நாளுக்கு ஆறு தடவை என்றால் நான்கு மணி நேரம் போச்சு. அதை இரண்டு தடவையாகக் குறைத்தோம். சாப்பாட்டு நேரத்திலும் மெஷின் நிற்காதபடி மாற்று ஆள் போட்டோம்.

திருப்பூர்_லைன்:
அண்ணா, ஒரு சந்தேகம். லேத்தில் பீஸ் ரேட் ஆட்கள் இருந்தால்? ஷாஃப்ட் தராமல் நிறுத்தினால் அவர்கள் கூலி போய்விடுமே. எங்கள் தையல் லைனில் கட்டிங்கை அளந்து விட்டபோது முதலில் சண்டை வந்தது இதனால்தான்.

பழைய_பிளானர்:
சரியாகக் கேட்டீர்கள்மா. இதைச் செய்யாமல் மற்றதைச் செய்தால் அநியாயம். முந்தைய மூன்று மாதச் சராசரியை நாள் கூலியாக நிர்ணயித்தோம். வேலை இல்லாத நேரத்தில் லேத் ஆட்கள் கிரைண்டிங் பழகினார்கள். முதலாளியை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் எனக்கு ஒரு மாதம் ஆனது. தம்பி, அவரிடம் முதலில் இதைப் பேசிவிடுங்கள்.

கோவை_பிளானிங்:
எண்ணிவிட்டேன் அண்ணா. 1,080 ரோட்டார், அதாவது 18 நாள். அதில் 700க்கு மேல் கிரைண்டிங் மெஷினுக்கு முன்னால்தான். கூலி விஷயத்தை இன்று மாலை முதலாளியிடம் பேசுகிறேன். சுவரோரம் அடியில் இருந்த ஒரு டிரேயில் சாக்பீஸில் அக்டோபர் 9 என்று எழுதியிருந்தது, 1 எச்பி ரோட்டார். அதே ரோட்டாருக்கு டிசம்பரில் நான் புதிதாக ஒர்க் ஆர்டர் போட்டிருக்கிறேன்.