தரைப்பலகைக்கு அடியில் ஒரு பேட்டரி: பழைய கார்க்காரர்களின் அனுபவங்கள்

கோவை, ஃபோர்டு மாடல் ஏ வைத்திருப்பவர்:

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கார்புரேட்டர், டயர், பெயிண்ட் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். பேட்டரி என்று வந்தால் "அப்பப்போ தண்ணி பார்த்துக்கறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் நேரில் பார்த்த கார் தீ பெட்ரோலில் பிடித்ததல்ல, பேட்டரி கேபிளில் பிடித்தது. அதனால்தான் இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணம். நண்பர் ஒருவரின் மாடல் ஏ, திறந்த மேல்கூரை வண்டி, மாப்பிள்ளை அழைப்புக்காக மாலை போட்டு நின்றிருந்தது. இந்த வண்டியில் பேட்டரி எஞ்சின் பக்கம் இருக்காது என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். முன் இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் தரைக்கு அடியில், சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், தொங்கும் ஒரு இரும்புத் தொட்டிலில் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு தகரமூடி. அதற்கு மேல் கால்மிதி. ஆறு வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேசிஸோடு இணைந்திருக்கும்.

அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கடையில் புது பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். ஆறு வோல்ட் சரி, ஆம்பியரும் சரி. ஆனால் உயரம் பழையதைவிடக் கொஞ்சம் அதிகம். வெறும் வண்டியில் மூடிக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருந்திருக்கிறது. மாப்பிள்ளைத் தோழர்கள் ஏறி அந்த மூடி மேலேயே காலை ஊன்றி நின்றதும் தகரம் அமுங்கி நெகட்டிவ் டெர்மினலைத் தொட்டுவிட்டது. சேசிஸ் முழுக்க பாசிட்டிவ், மூடி சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சொல்லவா வேண்டும்? கால்மிதி புகைந்தது, அப்புறம் தீப்பற்றியது. எல்லோரையும் இறக்கி, ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியை நெம்பித் தள்ளித்தான் நிறுத்தினோம். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மாடல் டி-யிலும் ஏ-யிலும் கம்பெனி ஃபியூஸ் வைக்கவில்லை. ஒயரிங் எங்கே உராய்ந்தாலும் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த இடத்தில் பாயும். இன்று இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் டெர்மினலுக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் போட்டுக்கொள்கிறார்கள். எர்த் கேபிளில் ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் வைக்கிறார்கள். இது இரண்டும் இல்லாத வண்டியைத் தயவுசெய்து ஷெட்டில் பூட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அசலாக இருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஃபியூஸ் போட்டால் அசல் கெட்டுவிடும் என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை. எரிந்துபோன வண்டியில் அசல் என்று எதுவும் மிஞ்சாது.

நண்பரின் வண்டிக்கு அப்புறம் செய்தது இதுதான்: உயரம் குறைந்த பேட்டரி, மேல்மூடியின் அடிப்பக்கம் முழுக்கக் கனமான ரப்பர் ஷீட், பேட்டரி எகிறாமல் இருக்க இரண்டு பக்கமும் பிடிகொக்கி. கொக்கியை அளவாக முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் பெட்டியில் விரிசல் விழும், குறைத்தால் பேட்டரி ஆடும்.

*

மதுரை, அப்பா காலத்திலிருந்து பேட்டரி வேலை:

அண்ணா, நீங்கள் சொன்ன ஆட்டம்தான் முக்கியம். கடையில் அப்பா வைத்திருந்த பழைய பேட்டரிகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். முதலில் வந்தவை மரப்பெட்டிகள். உள்ளே ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனிக் கெட்டி ரப்பர் ஜாடி, மேலே தார் மாதிரியான கீல் உருக்கி ஊற்றி அடைத்திருக்கும். செல்லுக்குச் செல் ஈயப்பட்டை வெளியே தெரியும். பிளேட்டுகளுக்கு நடுவில் மெல்லிய மரத்தகடு. அந்த மரத்தகடு காயவே கூடாது, காய்ந்தால் வெடித்துவிடும். ஜாடியின் அடியில் வரிவரியாக மேடு விட்டு, அதன் மேல்தான் பிளேட் நிற்கும். பிளேட்டிலிருந்து உதிரும் பொடி அந்தப் பள்ளத்தில் சேரும். ரோட்டில் குலுங்கக் குலுங்கப் பொடி அதிகம் உதிரும். பள்ளம் நிரம்பிப் பிளேட்டைத் தொட்டால் செல் ஷார்ட். அப்போது கீலைச் சுட்டு எடுத்து, செல்லைத் திறந்து கழுவி, மறுபடி அடைப்பார்கள். இன்றைக்கு அந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு.

வண்டியில் வைக்கிற இடத்தைப் பார்க்கிறபோதே அப்பா சொல்லிவிடுவார், இது எத்தனை நாள் தாங்கும் என்று. அடியில் ரப்பர் இல்லாமல் இரும்பு மேல் இரும்பாக வைத்த பேட்டரியை அவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் அதிகம் பார்க்கிற பேட்டரிச் சாவு வேறு. நம்ம வெயில். ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் இந்தப் பழைய டைனமோவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கிடையாது, மூன்றாவது பிரஷ் ஒன்றுதான். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து சார்ஜ் ஏறும். பேட்டரி நிறைந்துவிட்டதா இல்லையா என்று அது பார்க்காது. குளிர்நாட்டில், ராத்திரி விளக்குப் போட்டு ஓட்டுகிறவனுக்கு வைத்த அளவிலேயே நம்ம ஊரில் பட்டப்பகலில் மதுரையிலிருந்து கொடைக்கானல் அடிவாரம் வரை ஓட்டினால் ஆசிட் கொதிக்கும். தண்ணி ஆவியாகிப் பிளேட் தலை வெளியே தெரியும். தெரிந்த பாகம் அப்புறம் உயிர் பெறாது. அந்தக் காலத்து டிரைவர்கள் நீண்ட பகல் ஓட்டத்தில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டியது இதற்காகத்தான். மிஞ்சுகிற சார்ஜை விளக்கு தின்னும்.

பிரஷை டைனமோ சுற்றும் திசையில் நகர்த்தினால் சார்ஜ் கூடும், எதிர்த்திசையில் நகர்த்தினால் குறையும். விளக்கில்லாமல் சீராக ஓடும்போது ஆம்மீட்டர் முள் பத்து ஆம்பியரைத் தாண்டியே நின்றால் என்னிடம் கொண்டு வரும் வண்டியில் முதல் வேலையாக அதைக் குறைப்பேன். கோடையில் இன்னும் குறைவு.

இன்னொன்று, டெர்மினல் தளர்ந்திருந்தால் பேட்டரி மட்டும் கெடாது. அந்த டைனமோவுக்கு வோல்டேஜைப் பிடித்து வைப்பதே பேட்டரிதான். ஓடும்போது கிளாம்ப் கழன்றால் வோல்டேஜ் எங்கேயோ ஏறி, விளக்கெல்லாம் போய், டைனமோவின் கம்பிச்சுருளும் கருகும். பூத்துப்போன டெர்மினலை ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். நுரைத்து அடங்கும். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போகாமல் மூடிகளை இறுக்கி வையுங்கள். பிறகு துடைத்து, கிளாம்பை முடுக்கி, மேலே வேசலின் தடவுங்கள். முடுக்கிய பிறகுதான் வேசலின், முன்னாடி அல்ல.

ஆசிட் அடர்த்தி பற்றிக் கேட்பவர்களுக்கு: தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்து, வெளிநாட்டுப் புத்தகங்களில் முழு சார்ஜுக்கு 1.280 என்று போட்டிருக்கும். நம் வெப்பத்துக்கு 1.240 போதும். அடர்த்தி கூடினால் பிளேட் சீக்கிரம் அரிக்கும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. எத்தனை தடவை சொன்னாலும் இதை மறுபடி சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

*

கிராலி, இங்கிலாந்து:

உங்கள் வண்டிகளைவிட வயசான வண்டிகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு நவம்பரில் கிடைக்கும். லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் பழங்கார் ஓட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 1905-க்கு முன் செய்த வண்டிகள் மட்டும். விடிகாலையில் ஹைட் பார்க்கில் கிளம்பி வந்து இங்கே நின்று மூச்சு வாங்கும்போது, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

இந்த வண்டிகளில் செல்ஃப் கிடையாது, பெரும்பாலும் விளக்கும் எண்ணெய் அல்லது கார்பைடு. பேட்டரி வேண்டியிருந்தது பொறி கொடுக்க மட்டும். நாலு வோல்ட், இரண்டு செல். டைனமோவும் இல்லாததால் வழியில் சார்ஜ் ஏறாது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டு, ஒரு சுவிட்சால் இதிலிருந்து அதற்கு மாறிக்கொள்வார்கள்.

டி டியோன் என்ற பழைய பிரெஞ்சு வண்டி வைத்திருக்கும் ஒருவர் தன் வீட்டில் வைத்திருக்கும் அந்தக் காலத்து பேட்டரிப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். செல்லுலாய்டில் செய்தது. பிளேட்டும் ஆசிட் மட்டமும் கண்ணாடி மாதிரி வெளியே தெரியும், அதுதான் அதன் வசதி. ஆனால் செல்லுலாய்டு பஞ்சை விட வேகமாக எரியும் பொருள். அதைச் சூடான எஞ்சின் பக்கத்தில், பொறி வரும் ஒயரோடு வைத்தார்கள்! எனவே தனி மரப்பெட்டி, நாலு பக்கமும் கெட்டியான கம்பளம், ஆடாமல் இறுக்கமாக. அந்தப் பெட்டிக்குள் ஸ்பேனரோ திருப்புளியோ போடவே கூடாது என்பதை அவர் இன்றும் விடாமல் கடைப்பிடிக்கிறார். இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கோவைக்காரர் ஏற்கெனவே எழுதிவிட்டார்.

இப்போது அந்த மரப்பெட்டிக்குள் சீல் வைத்த நவீன பேட்டரி ஒன்றை மறைத்து வைத்து ஓட்டுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் பழைய பெட்டிதான். எனக்கு அது சரியாகவே பட்டது.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 1897-ஆம் ஆண்டு மின்சார வாடகை வண்டி ஒன்று இருக்கிறது. வால்டர் பெர்சி வடிவமைத்தது. கனமான பேட்டரியை அடியில் சுமந்துகொண்டு லண்டன் தெருக்களில் ஓடியிருக்கிறது. பேட்டரித் தட்டை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டும் குலுக்கலிலிருந்து பிளேட்டுகளை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. 1899-லேயே அந்தச் சேவை நின்றுபோனது. மதுரைக்காரர் சொன்ன உதிர்கிற பொடிக் கதைதான் அங்கேயும்.

*

திருச்சி:

சின்ன அனுபவம்தான். எலி. ஷெட்டில் நின்ற வண்டியில் துணி சுற்றிய ஒயரை எலி கடித்து, பேட்டரி கேபிள் சேசிஸில் உரசிக்கொண்டிருந்தது. நல்லவேளை கழற்றி வைத்திருந்தோம். கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது பாசிட்டிவ். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று பழகிய கை இங்கே தடுமாறும், பார்த்துச் செய்யுங்கள். உள்ளே ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

*

டெட்ராய்ட், அமெரிக்கா:

இங்கே டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டிய 1914 டெட்ராய்ட் எலெக்ட்ரிக் நிற்கிறது. பெட்ரோல் கார் விற்றவர் வீட்டு அம்மா மின்சாரக் காரில் போனார் என்பதால் எல்லோரும் அதைச் சுற்றி நிற்பார்கள். என்னை நிறுத்தியது பேட்டரிதான். அந்தக் காலத்தில் இந்த வண்டிகளுக்கு ஈய பேட்டரி அல்லது எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி என இரண்டில் ஒன்றை வாங்கலாம். எடிசனுடையதற்கு விலை மிக அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் எடிசன் செல்களை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாதுகாப்பு விதிகளே வேறு. உள்ளே ஆசிட் இல்லை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். ஈய பேட்டரிக்குப் பயன்படுத்திய புனல், அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் எதையும் இதன் பக்கம் கொண்டு வரக் கூடாது. ஒரு துளி ஆசிட் பட்டால் செல் கெடும். பட்டறையில் இரண்டு அலமாரி, இரண்டு நிறப் பட்டை, கலக்கவே விடமாட்டார்கள்.

பெட்டி நிக்கல் பூசிய எஃகு. கீழே போட்டாலும் உடையாது, ஆனால் அந்த எஃகிலேயே மின்சாரம் இருக்கும். ஒரு செல் இன்னொன்றைத் தொட்டால் ஷார்ட் ஆகி எஃகில் ஓட்டை விழும். அதனால் மரச்சட்டத்தில் இடைவெளி விட்டு, ரப்பர் குமிழ்களில் தாங்கி வைத்திருப்பார்கள். அந்தச் சட்டத்தில் ஈரமும் அழுக்கும் சேராமல் பார்ப்பதே பாதி வேலை. மூடிகளைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் காரம் உறிஞ்சிப் பலவீனமாகும். தண்ணீர் ஊற்றியதும் உடனே மூட வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு பெருமை உண்டு. சார்ஜ் இல்லாமல் நிறுத்திவைத்தால் ஈய பேட்டரிக்குப் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். எடிசன் செல்லுக்கு அந்த நோய் இல்லை. நூறு வயசைத் தாண்டியும் வேலை செய்கிற செல்களை இதனால்தான் பார்க்க முடிகிறது.

*

கோவை, ஃபோர்டு மாடல் ஏ வைத்திருப்பவர்:

எல்லோருக்கும் நன்றி. எலி பற்றித் திருச்சிக்காரர் எழுதியதைப் படித்ததும் போய் என் ஒயரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதற்குப் பதில்: புது பேட்டரி போட்டும் செல்ஃப் இழுக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாமல் கேபிளைப் பாருங்கள். ஆறு வோல்ட்டில் அதே வேலைக்குப் பன்னிரண்டு வோல்ட்டைவிட இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். இன்றைய காருக்கு விற்கும் கேபிள் இதற்கு மெல்லிசு, தொட்டால் சுடும். கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் போட்டு, எர்த் பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்குங்கள். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தார். முதலில் இதைச் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு மாற்ற வேண்டிய தேவையே வராது.

மதுரைத் தம்பி, மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்து மாதம் ஒரு முறை மெதுவாகச் சார்ஜ் போடுகிறேன். ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், ராத்திரி முழுக்க, ஜன்னல் திறந்த அறையில். கிளம்பும் வாயு ஹைட்ரஜன் என்பதால் பூஜையறைப் பக்கம் வைப்பதில்லை. இந்த அளவு போதுமா, இல்லை கூட்டணுமா? சௌகரியப்படும்போது எழுதுங்கள்.

*

மதுரை, அப்பா காலத்திலிருந்து பேட்டரி வேலை:

அளவு சரிதான் அண்ணா, கூட்ட வேண்டாம். ஆனால் காலண்டரைப் பார்த்துப் போடாமல் ஹைட்ரோமீட்டரைப் பார்த்துப் போடுங்கள். 1.200-க்குக் கீழே இறங்குவதற்குள் போட்டுவிடுங்கள். மூன்று செல்லும் ஒரே மாதிரி காட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பின்தங்கினால் கழற்றி எடுத்து வாங்க, பார்த்துச் சொல்கிறேன்.