யூரியா தானியத்துக்கு மாற்றிய நான்காம் நாள் தயிர்

உறைப்பானை:
செம்மறித் தயிர் உறையவில்லை. 43 டிகிரி சூடு, அதே பிரை. ஐந்து மணி நேரமாகியும் பி.எச். (புளிக்கப் புளிக்க இறங்கும் அளவு) 5.2-இலேயே நிற்கிறது; 4.6-க்கு வந்தால்தானே கெட்டியாகும்? பானையைச் சாய்த்தால் ஓரம் பிடித்திருக்கிறது, நடுவில் பால் தளும்புகிறது. செம்மறிப் பாலில் கொழுப்பு 6-7 சதம், புரதம் 5-க்கு மேல். பால்பவுடர் போடாமலே கத்தியால் வெட்டலாம்போல உறையும் பால் இது. மந்தையில் மாறியது ஒன்றுதான்: யூரியா கலந்து காற்றுப் புகாமல் மூடிவைத்த (மூட்டம் போட்ட) பார்லித் தீவனம். பாலில் யூரியா ஏறினால், பிரையிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் அதை உடைத்து அம்மோனியா விடும். அமிலம் பி.எச்.-ஐ இறக்க இறக்க அம்மோனியா தூக்கிவிடும். பாலைக் காய்ச்சினாலும் யூரியா போகாது.

மடிநோய்:
அவசரப்பட்டுத் தீவனத்தின் மேல் பழி போடாதீர்கள். மடிநோய்க்குப் போட்ட பென்சிலின் பாலில் மிச்சம் இருந்தாலும் இதே கதைதான், அதுவும் காய்ச்சினால் முழுசாகப் போகாது. மருந்துச் சோதனைப் பட்டையில் முதலில் பாருங்கள். அது சுத்தம் என்றால் பார்லியைப் பேசலாம்.

முழுத்தானியம்:
கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். செம்மறிக்குத் தானியத்தைப் பக்குவம் செய்யும் இந்த வேலை எதற்கு? மாடு முழுப் பார்லியைச் சாணத்தில் விட்டுவிடும். செம்மறி நன்றாக மென்று அசைபோடும். அரைக்கவே வேண்டாம். அரைத்த மாவு முதல் வயிற்றில் சட்டென்று புளித்து அமிலம் கட்டும், பாலில் கொழுப்பு இறங்கும், தயிர் தளர்ந்துவிடும். ஈரத் தானியம் கெடாமலிருக்க புரோபியோனிக் அமிலம் தெளிப்பவர்கள் கவனிக்க: வைட்டமின் ஈ அழிந்துபோகும். தீவனத்தில் தனியாகச் சேர்க்காவிட்டால் பாலில் அட்டைப்பெட்டி வாடை வரும். காஸ்டிக் சோடா போட்டாலும் அதே இழப்பு. பூஞ்சைமருந்து தடவிய, சாயமேறிய விதைத் தானியம் பக்கமே போகாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
யூரியா அளவை யாரும் கேட்கவில்லையே! மொத்தத் தீவனத்தின் ஈரம் நீக்கிய எடையில் 1 சதத்தைத் தாண்டக் கூடாது. தானியத்தில் 3 சதம் கலந்து, தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு அதுவாக இருந்தாலே 1 சதம் ஆகிவிடுகிறது. அதன் மேல் புண்ணாக்கும் போட்டால் மிஞ்சும் நைட்ரஜன் எங்கே போகும்? யூரியாவாகப் பாலில்தான் ஏறும். புண்ணாக்கைக் குறையுங்கள். மூட்டத்தைத் திறந்ததும் போடாமல் பரப்பி ஆறவிடுங்கள், கண் எரியும் வாடை அடங்கும்வரை. மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாமல் இரண்டு வாரம் இழுத்துச் செய்யுங்கள்.

உறைப்பானை:
பட்டை சுத்தம். புண்ணாக்கை நிறுத்தவில்லை, அதுதான்.