எஸ் பாஸில் கணக்குப் பிரிவு வேலை: நிறுவனம் புதிய மென்பொருள் வாங்கினால்?

தம்பி, சிங்கப்பூரில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு உதவியாளராகச் சேர்ந்த கையோடு, பில்களைத் தானே படித்துப் பதிவு செய்யும் மென்பொருளை வாங்குகிறார்கள், வேலை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே போகும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதியான எஸ் பாஸைப் புதுப்பிக்கும் தேதியை.

முதலாளி போடும் கணக்கைப் பாருங்கள். எஸ் பாஸ் ஊழியர் ஒருவருக்கு நிறுவனம் அரசுக்கு மாதம் 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை கட்டுகிறது. 2025 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. ஊழியரின் வயது கூடினால் அதுவும் கூடும். சேவைத் துறையில் மொத்த ஊழியர்களில் 10 சதவீதத்துக்கு மேல் எஸ் பாஸில் வைத்துக்கொள்ள முடியாது. அதே சமயம், உள்ளூர்ப் பங்குடைய சிறு, நடுத்தர நிறுவனங்கள் அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள் வாங்கினால் செலவில் பாதி வரை அரசு மானியம் தருகிறது. ஆளுக்குத் தீர்வை, மென்பொருளுக்கு மானியம். பாஸைப் புதுப்பிக்கும் நேரத்தில்தான் முதலாளி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

பெரிய நிறுவனங்களிலும் இதுதான் நடக்கிறது. செயற்கை நுண்ணறிவால் மூன்று ஆண்டுகளில் சுமார் 4,000 ஒப்பந்த, தற்காலிகப் பணியிடங்கள் குறையும் என்று டிபிஎஸ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நிரந்தர ஊழியர்களைத் தொடப்போவதில்லை என்றது. ஒப்பந்தங்கள் முடிய முடிய இடங்கள் தாமே குறையும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலையில் இருப்பவர் மீதுதான் முதலில் கை வைக்கிறார்கள். பாஸில் இருக்கும் நாமும் அப்படிக் காலக்கெடுவில் இருப்பவர்கள்தாம்.

உங்கள் வேலையில் எது போகும்? தட்டச்சு போகும். அதில் சந்தேகமே வேண்டாம். இன்வாய்ஸ்நவ் என்ற மின் விலைப்பட்டியல் முறையில் பில் ஒரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போய்விடுகிறது. தாமாக முன்வந்து ஜிஎஸ்டிக்குப் புதிதாகப் பதிவு செய்யும் எல்லா நிறுவனங்களுக்கும் 2026 ஏப்ரல் முதல் அது கட்டாயம். ஆனால் சரக்கு குறைவாக வந்து பில் முழுத் தொகைக்கு வந்தால் யார் பேசுவது? பழைய கடன் நிலுவைகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது எது விட்டுப்போனது என்று யார் பார்ப்பது? அங்கே மனிதர் வேண்டும், அவருக்குச் சம்பளமும் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆகவே மென்பொருள் மாற்றும் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி இப்போதே மேலாளரிடம் கேளுங்கள். விற்பனையாளர் பயிற்சி தர வரும்போது அந்த அறையில் நீங்கள் இருக்க வேண்டும். செய்த வேலையை மின்னஞ்சலில் பதிவாக்குங்கள். பாஸ் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே சம்பளப் பேச்சைத் தொடங்குங்கள். கடைசி மாதத்தில் பேசினால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. திறன் பயிற்சிக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பற்றுத்தொகை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே. அதனால் படிப்புச் செலவை நிறுவனம் ஏற்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஆட்குறைப்பு இழப்பீடு பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறதா? சட்டப்படி அது கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டு சேவை முடித்தவர்களுக்கு, ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை தருவது இங்குள்ள வழக்கம். ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையென்றால், புதுப்பிக்கும்போது அந்த வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.