கார்டீனியா மஞ்சளாகுது, மொட்டும் கொட்டுது. அவசரம்!

உப்புவெளி_அக்கா:
கார்டீனியாக் கண்டு நல்லாத்தான் நிண்டது. இப்ப இலை மஞ்சள். மொட்டு விரியாமலே கறுத்துக் கொட்டுது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில விசேஷம், அதுக்குள்ள என்ன செய்யலாம்?

பச்சைவலை:
எப்சம் உப்பு. லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கரைச்சு இலையில அடிங்க. மஞ்சளுக்கு அதுதான்.

கன்னியாத்_தோட்டம்:
பொறுங்கோ. குருத்து மஞ்சளோ, அடியிலையோ? நரம்பு பச்சையோ? சாடியோ நிலமோ? என்ன தண்ணி ஊத்துறீங்கள்?

உப்புவெளி_அக்கா:
சாடி. குருத்துத்தான், நரம்பு பச்சை. கிணத்துத் தண்ணிதான், வேற என்ன?

கன்னியாத்_தோட்டம்:
அப்ப எப்சம் வேண்டாம். எப்சம் எண்டால் மக்னீசியம் உப்பு, மக்னீசியம் குறைஞ்சா அடியிலைதான் முதல் மஞ்சளாகும். இது இரும்புக் குறை. மண்ணில இரும்பு இருந்தாலும் சுண்ணாம்புத் தண்ணியில வேர் அதை எடுக்காது. கேத்தலுக்குள்ள வெள்ளைப் படை பிடிக்குதெண்டால் அதே தண்ணிதான் சாடிக்கும் போகுது. கார்டீனியாவுக்கு மண்ணின்ர பீ.எச். (புளிப்பு அளவு, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 5 முதல் 6 வரை வேணும்.
ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) எண்ட வகை இரும்பு வாங்குங்கோ. ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை மலிவு, ஆனா பீ.எச். 6.5 தாண்டினால் பிரயோசனமில்லை. லீற்றருக்கு ஒரு கிராமுக்கு மேல வேண்டாம், பின்னேரம் ஈர மண்ணில ஊத்துங்கோ. சிவப்புக் கறை, தரையில படவிடாதேங்கோ. புதுக் குருத்துத்தான் பச்சையா வரும், பழைய இலை முழுசாத் திரும்பாது. ஞாயிறுக்குள்ள ஒண்டும் நடக்காது.

மூத்ததோட்டக்காரர்:
இது சீனாப் பக்கத்துச் செடி. இரவும் புழுங்குற ஊரில மொட்டுக் கொட்டாமல் என்ன செய்யும்? வாங்க முதல் விசாரிக்க வேணும் பிள்ளை. மல்லிகை வைச்சால் பேசாமல் பூக்கும்.

பச்சைவலை:
மொட்டுக் கொட்டுறது கச்சான் காத்தால, ஐயா. மேற்குப் பக்கம் வலை கட்டினால் நிக்கும்.

மூத்ததோட்டக்காரர்:
வலை கட்டினால் இரவுச் சூடு குறையுமோ தம்பி?

பச்சைவலை:
காத்தில மொட்டு காயுறதைச் சொல்லுறன். சூட்டை நான் கதைக்கேல்லையே.

தும்புத்தூள்:
இரண்டும் சேர்ந்துதான். மொட்டு வந்த பிறகு சாடியை இடம் மாத்தினாலும் கொட்டும். தண்ணிக்குத் தேசிப்புளி விடலாமே?

கன்னியாத்_தோட்டம்:
விடலாம், பீ.எச். தாள் 6 காட்டும் மட்டும் சொட்டுச் சொட்டாய். ஆனா இலை நுனி கருகினால் அது உவர், புளிக்கு அது போகாது. மழைத்தண்ணி பிடிச்சு வைக்கிறதுதான் வழி. பூ முடிஞ்ச பிறகு சாடி மாத்துங்கோ: கழுவின தும்புத்தூள் இரண்டு பங்கு, மக்கின இலை ஒண்டு, ஆத்துமணல் ஒண்டு. கடற்கரை மணல் கூடவே கூடாது, சிப்பித்தூள் எல்லாம் சுண்ணாம்பு. அடுப்புச் சாம்பலும் போடாதேங்கோ.

உப்புவெளி_அக்கா:
சாடி விளிம்பிலயும் வெள்ளைப் படைதான். இரும்பு வாங்கச் சொல்லியிருக்கு. பூ கடையில எடுத்தாச்சு. நன்றி.

நிலாவெளி_வளவு:
என்ர தேசிக் கண்டிலயும் குருத்து மஞ்சள். அதே மருந்தோ?

மூத்ததோட்டக்காரர்:
புது இழை துவங்குங்கோ. என்ன தண்ணியெண்டு முதல் வரியிலயே எழுதுங்கோ.