சித்தூர் புத்தகக்கடை அண்ணன்

சித்தூரில் புத்தகக்கடை வைத்திருந்து, 2020 விமான விபத்தில் போய்விட்ட அண்ணனைப் பற்றி எல்லாரும் நினைவுகளைச் சொல்கிறீர்கள், எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு அவர் கடையை விட்டால் வேறு கதி கிடையாது. பாடப்புத்தகத்தைக் கேரள அரசே தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிடும், ஆனால் கைடு கிடைக்காது, தமிழ்நாட்டுக் கைடு நம் சிலபஸுக்கு ஒத்துவராது. அதனால் முந்தின வருஷம் நன்றாகப் படித்த பிள்ளைகளின் நோட்டை வாங்கி ஜெராக்ஸ் போட்டு வைப்பார், அந்தக் காசு மட்டும்தான் வாங்குவார். கட்டுக்கு மேலே பழைய காலண்டர் தாளை வைத்துக் கோணி ஊசியால் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கையில் கொடுப்பார்.

கதைப் புத்தகம் கேட்டால் கோயமுத்தூர் போகும்போது எடுத்து வருவார். காசில்லாதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "படிச்சிட்டு அழுக்காக்காம கொண்டா, போதும்" என்பார். திருப்பிக் கொடுக்கும்போது என்ன கதை என்று கேட்பார், சொல்லத் தெரியாமல் முழித்தால் அதே புத்தகத்தை மறுபடி நீட்டுவார். நான் வாசகனானது அப்படித்தான்.

2020 தொடக்கத்தில் துபாயில் இருந்த மகளைப் பார்க்கப் போனவர் லாக்டவுனில் மாட்டிக்கொண்டார். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவர அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் கோழிக்கோட்டுக்கு சீட் கிடைத்துவிட்டது என்று போன் செய்தபோதும், டிவியிலேயே பாடம் நடக்குதாமே, பிள்ளைகள் நோட்டுக்கு என்ன பண்றாங்க என்றுதான் கேட்டார்.

ஆகஸ்ட் 7 ராத்திரி, கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரில் நல்ல மழை. முதல் தடவை இறங்க முடியாமல் மேலே ஏறிச் சுற்றிவந்த விமானம் அடுத்த தடவை ஓடுபாதையில் பாதி தூரம் போய்த்தான் தரையைத் தொட்டது. அது குன்றின் மேல் போட்ட டேபிள்டாப் ஓடுபாதை, முடிந்தால் பள்ளம்; விமானம் நிற்காமல் போய் அதில் விழுந்தது. இருந்த 190 பேரில் விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர் போய்விட்டார்கள், அதில் எங்கள் அண்ணனும் ஒருவர். மறுபடி மேலே எழுப்பச் சொல்லித் துணை விமானி சொல்லியும் விமானம் இறக்கப்பட்டது என்று 2021-இல் வந்த விசாரணை அறிக்கையில் படித்தபோது வயிறு எரிந்தது.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஆளைத் தொடவே பயந்த அந்தக் கொரோனா நேரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான கொண்டோட்டி ஜனங்கள் மழையில் ஓடிப்போய், அடிபட்டவர்களைத் தூக்கித் தங்கள் சொந்த வண்டிகளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை எந்நாளும் கும்பிடுவேன்.

கடையை இப்போது அண்ணனின் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறார், நோட்டு ஜெராக்ஸும் உண்டு. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் கட்டு மட்டும் அவரிடம் இல்லை. அண்ணன் தைத்துக் கொடுத்தது யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் கடைக்குப் போய்க் கொடுத்துவிடுங்கள்.